விலைவாசி சாரும் பெங்களூர்ச் சம்பளமும்

பென்னாகரம் கடைவீதியில் அந்தக் காலத்தில் எந்தப் பொருளும் தன்னிஷ்டத்துக்கு விலை ஏறிவிட முடியாது. ஏறினால் விலைவாசி சாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். புளி விலை ஏறிய ஒரு நாள், அவர் மளிகைக் கடை வாசலில் நின்று புளியையே முறைத்துப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். புளி அசையவில்லை. கடைக்கார பாய்தான் நெளிந்தார்.

சார் என்றால் வாத்தியார் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி, இன்னபிற சமாசாரங்களைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன வியாதி என்று சொல்கிறவர். நான் அங்கே கிளார்க். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் எழுதுவேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஊருக்கே அவர் விலைவாசி சார்.

ஒரு தடவை ஏரியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஊசியைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கையை அப்பறம் குடுங்க. உங்க பக்கம் நெலக்கடலை மூட்டை என்ன வெலைங்க போவுது?" என்றார் சார்.

"அதை ஏங்க கேக்கறீங்க..." என்று விவசாயி ஆரம்பித்தார். தரகு, எடை மோசம், வியாபாரியின் குணநலன் என்று இரண்டு கையையும் வீசிப் பேசினார். வீசிய கையில் ஒன்றைப் பிடித்து சார் குத்தி, சொட்டு எடுத்து, பஞ்சை வைத்து அனுப்பிவிட்டார். வெளியே போன மனிதர் திரும்பி வந்து, "ஏங்க, எப்பங்க குத்துனீங்க?" என்று கேட்டார்.

இதை நோயாளியின் கவனத்தைத் திருப்பும் தந்திரம் என்று சிஸ்டர்கள் மெச்சிக்கொண்டார்கள். அது தப்பு. அவருக்கு உண்மையிலேயே விலை தெரிய வேண்டும். ரத்தம்தான் சாக்கு. "ஒருத்தர்கிட்ட கேட்டா அது வெலை இல்லைங்க, அவரோட அபிப்பிராயம். அஞ்சு பேரைக் கேக்கணும்" என்பார். அதனால் ஒரு முழம் கயிறு வாங்குவதற்கும் ஐந்து கடை ஏறி இறங்குவார்.

அவர் விலை கேட்டுக்கொண்டே இருந்ததற்குக் காரணம் என் பட்டியலிலேயே இருந்தது. நூற்றைம்பது ரூபாய்ச் சம்பளம். மனைவி, இரண்டு பெண்கள், வாடகை வீடு. ஒரு சம்பள நாளன்று மதர் சுப்பீரியர் லேபுக்குள் நுழைந்தபோது, சார் பத்து ரூபாய் நோட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்க்கிறீங்க?"

"சம்பளம், மதர். வெறுங்கண்ணுக்குத் தெரியலைங்க."

மதர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த மாதம் ஐந்து ரூபாய் ஏறியது. அந்த ஐந்தையும் மண்ணெண்ணெய் குடித்துவிட்டதாக சார் என்னிடம் தகவல் சொன்னார்.

இப்படி இருக்கையில் பெங்களூரிலிருந்து ஒரு தனியார் லேப் அவரை வரச் சொல்லிக் கடிதம் போட்டது. சம்பளம் இரண்டு மடங்கு. அவருக்கு அது தேவைப்பட்ட நேரம். வீட்டம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது. மூத்த பெண் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, சேலத்தில் நர்ஸ் படிப்புக்குச் சேரக் காத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பார்கள். விலைவாசி சார் ஆராய்ச்சியில் இறங்கினார்.

"சம்பளம் ரெண்டு மடங்கு, சரிங்க. அங்க வெலை எத்தனை மடங்கு? அது தெரியாம எப்புடிங்க பொட்டியக் கட்டறது?" என்றார்.

ஊரும் தன் பங்குக்குக் கணக்குப் போட்டது. அவர் போய்விட்டால் ஒரு சளி டெஸ்டுக்குக்கூட தருமபுரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். மளிகைக் கடை பாய் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாம அவரைத் தடுக்க வேணாம் தம்பி. அவரு வெலை கேப்பாரு, நாம வெலை சொல்லுவோம்."

அன்றிலிருந்து பெங்களூரில் விலைவாசி பேயாட்டம் ஆடியது. கட்டட வேலைக்குப் போய் வந்தவர்கள் லேபில் விரலை நீட்டியபடியே கதை சொன்னார்கள். "கொத்தமல்லி ஒரு கட்டு முக்கா ரூபாய்ங்க சார். அதுலயும் பாதி வேரு." "குடிக்கற தண்ணி கொடம் எட்டணாங்க." ஓசூரைத் தாண்டியே இராத ஒருவர், அங்கே வூடு என்று வாயைத் திறந்தாலே அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்றார். என் பங்குக்கு நானும், விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் தலைக்கு இவ்வளவு என்று வாடகை ஏற்றுவதாக அவிழ்த்துவிட்டேன்.

அதே சமயம் பென்னாகரத்தில் விலைகள் சரிந்தன. புளி இறங்கியது, பருப்பு இறங்கியது, தேங்காயும் இறங்கியது. "மழை இல்லை, வரத்து இல்லை, வெலை எறங்குது. என்னமோ அதிசயமா இருக்குதுங்க" என்று சார் தாடையைச் சொறிந்தார். நாங்கள் கெட்டிக்காரத்தனமாகச் செய்வதாக நினைத்து அளவுக்கு மீறி இறக்கிவிட்டோம்.

லேபில் ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் சார் ஒரு காரியம் செய்வார். தன் விரலையே குத்தி, தன் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். இதற்கு கன்ட்ரோல் என்று பெயர். புளிக்கும் கன்ட்ரோல் வைத்தார். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் காசு கொடுத்து, "பாய் கடையில கால் கிலோ புளி வாங்கியாங்க. யாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று அனுப்பினார். அந்தம்மா புளியோடு வந்தார். மீதிக் காசு சார் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைந்திருந்தது.

சார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

"பாய், புளி என்ன வெலை?"

"உங்களுக்குத் தெரியாததாங்க சார்?"

"என் வெலை தெரியும். ஊருக்கு என்ன வெலை?"

பாய் சுத்தமாக இருந்த தராசுத் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"லெட்டர் வந்ததுல இருந்து நடக்குதா இது?"

"லெட்டர் வந்தப்பறம் கொஞ்சம் ஜாஸ்தியாக் கொறைச்சோம் சார்" என்றார் பாய், தட்டைப் பார்த்தபடியே. "கொறைக்க ஆரம்பிச்சது, எங்க வூட்ல ஜொரத்துல கெடந்து எழுந்தாங்களே, அப்ப இருந்துங்க."

எனக்கே அது புதுச் செய்தி. பாயின் மனைவிக்கு விட்டு விட்டுக் குளிர்ஜுரம் வந்தது சில வருடங்களுக்கு முன்பு. முதலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. சார் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கும் போகாமல், மறுபடி மறுபடி சொட்டு எடுத்து, மலேரியாக் கிருமியைக் கண்ணில் பார்த்த பிறகுதான் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"அஞ்சு கடையில கேட்டேனே பாய்?"

"அஞ்சு கடைக்கும் சொல்லி வெச்சிருந்தேங்க. நீங்க கேப்பீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமில்லீங்க."

சாரின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப இத்தனை வருசமா நான் என் சம்பளத்துல குடும்பம் நடத்தலையா?" என்று கேட்டார். பாய் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கஷ்டமாக இருந்தது. இனி இந்த மனிதர் இங்கே இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில நாட்கள் அவர் யாரிடமும் விலை கேட்கவில்லை. பேசாமல் ஊசியை எடுத்தார், பேசாமல் குத்தினார். நோயாளிகள் வலி தாங்காமல் கத்தினார்கள். சத்தம் கேட்டு மதர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சம்பளத்தை ஏற்றப் பணமில்லை, ஆனால் ஆஸ்பத்திரி வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டை வாடகையில்லாமல் கொடுக்கலாம் என்றார் மதர். அந்த வாடகை மிஞ்சினால் பெண்ணின் படிப்புக்கு ஆகும். நான் இதைச் சொல்லப் போனபோது சார் பெங்களூருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வர இயலவில்லை என்று ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்.

"சார், கணக்குப்படி நீங்க போயிருக்கணுமே?"

"ஆமாங்க, கணக்குப்படி போயிருக்கணும்." பேனாவை மூடினார். "ஆனா பெங்களூர்ல எனக்காகக் கைக்காசு போட்டுப் பொய் சொல்றதுக்கு யாருங்க இருக்கா?"

விஷயத்தைச் சொல்லி, மதர் தந்த வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, இந்த மாதிரி வீடு வெளியே என்ன வாடகை போகும் என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சாயங்காலமே பாய் கடைக்குப் போய், இனி ஊர் விலைதான் கொடுப்பேன் என்று சண்டை போட்டுப் புளி வாங்கினார். பாய் ஊர் விலையையே சொல்லிவிட்டு, பொட்டலத்தில் ஒரு கை புளியைக் கூடுதலாக அள்ளிப் போட்டதை நான் பார்த்தேன்.

நான் வேறு ஊருக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் எனக்குச் சரியான விலையைத்தான் சொல்கிறார்கள். கொடுத்துவிட்டு வருகிறேன், வழியெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொண்டே வருகிறேன்.