கையில்லா நாற்காலிப் பெரும்போர்

நின்றே வாழ்ந்த நெடுந்தகை வாழ்க! குலுங்கும் தரையே களமாக, தோளில் தொங்கும் தோல்பையே கவசமாக, முப்பத்துநான்கு ஆண்டுகள் கம்பியைத் தொடாமல் நின்று, படியில் தொங்கியோரை உள்ளே இழுத்து, உள்ளே நசுங்கியோரை முன்னே நகர்த்தி, ஒற்றை விசிலால் இரும்பு வேழத்தை நிறுத்தி, இரட்டை விசிலால் அதை மீண்டும் ஏவிய வெண்மீசைச் செம்மல், எண்பதைத் தாண்டிய ஏந்தல், ஓய்வுபெற்ற கண்டக்டர் பெருமான் வாழ்க, வாழ்க! பஸ்ஸில் அவருக்கென்று ஓர் இருக்கை உண்டு. அதில் அவர் உட்கார்ந்து கண்டவர் எவரும் இல்லை. யாராவது ஒரு கைக்குழந்தைக்காரி ஏறிவிடுவாள்.

இக்காவியம் நடுவழியில் பிடித்துக்கொள்ளாமல் கடைசிவரை மடங்கி நிமிர, முழங்கால் என்னும் மூத்த கீலே, நீயே காப்பு!

அப்பேர்ப்பட்ட வீரரை வீழ்த்திய பகைவன் யார் என்று கேட்பீர். சொல்ல நாக்கூசுகிறது: ஈரமான ஒரு சோப்புத் துண்டு. குளியலறையில் அதன்மேல் கால் வைத்த பெருமான் இடுப்பெலும்பு முறிந்து நாலு மணிநேரம் தரையில் கிடந்தார். துணிக்கடையில் பகலெல்லாம் நின்று சேலை விரித்துக் காட்டும் ஒரே மகள், அப்பா போனை எடுக்கவில்லையே என்று ஓடிவந்துதான் கண்டாள். எலும்புக்குத் தகடு வைத்தார்கள், அது கூடியது. ஆனால் ஆறு வாரப் படுக்கை, அவர் தொடைகளில் முகாமிட்டிருந்த பெரும்படையைச் சொல்லாமல் கொள்ளாமல் கலைத்து அனுப்பிவிட்டது. மகள் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவர் வீட்டைப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தக் குளியலறைத் தரையை அவளால் மறக்க முடியவில்லை.

மகள் வீட்டில் பெருமானுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு சோபாவைத் தவிர. பஞ்சாலான பாதாளம் அது. உட்கார்ந்தவரை இடுப்புவரை விழுங்கும். மீட்டெடுக்க மருமகன் வந்து இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பாதாளத்தில் பாதி மூழ்கியபடி, கையில் டிவி ரிமோட்டுடன், தன் வீட்டு வாசற்கதவையும் அதைத் தானே திறந்து மூடிய நாட்களையும் எண்ணி எண்ணி அவர் விட்ட பெருமூச்சில் ஜன்னல் திரை ஆடியது என்றால், பொய் சொல்வானேன், கொஞ்சம் ஆடியது.

மகளும் கல்நெஞ்சக்காரி அல்லள். நிபந்தனையை முரசறைந்தே சொன்னாள்.

"அப்பா, ஆஸ்பத்திரில என்ன சொல்றாங்களோ அதான் சட்டம். கையை ஊனாம அரை நிமிஷத்துல அஞ்சு தடவை எந்திரிச்சுக் காட்டுங்க, சாவியைத் தரேன். இல்லைன்னா கடைசிவரைக்கும் எங்ககூடத்தான்."

போர்க்களம், வெளிநோயாளர் பிரிவின் உடற்பயிற்சி அறை. எங்கும் போய்ச் சேராத நாலு படிகளும், பிடித்து நடக்க இணைகம்பிகளும், தோற்றவரைத் தோற்றவராகவே காட்டும் முழுநீளக் கண்ணாடியும் சூழ்ந்த அவ்வறையில், சுவரோடு முதுகை ஒட்டி, நான்கு எஃகுக் கால்களை ஊன்றி, நீல ரெக்சின் போர்த்தி வீற்றிருந்தது கையில்லா நாற்காலி. அதற்கும் ஒருகாலத்தில் கைகள் இருந்தன. ஊன்றி எழுவோர் ஏமாற்றாதிருக்கவே அவற்றைக் கழற்றிவிட்டார்கள்.

அங்கே ஸ்டாப்வாட்ச் ஏந்திய நடுவராக நின்றவள் பிசியோதெரபிஸ்ட். சிரித்த முகம், சிறிதும் இரங்காத கட்டைவிரல். எட்டு வாரமாக, வாரம் மூன்று நாள், ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்லியும் மணல் பையைக் காலில் கட்டித் தூக்கச் சொல்லியும், கலைந்தோடிய படையை ஒவ்வொரு வீரனாகப் பிடித்துவந்து மறுபடி தொடையில் சேர்த்தவள் அவளே. முதல் சோதனையில் பெருமான் எழுந்தது ஒரு முறை. இரண்டாவதில் மூன்று. இன்று மூன்றாவது, இதுவே முடிவு.

"கால்ல பலம் வந்தாச்சு சார். நீங்க முன்னாடி குனிய மாட்டேங்கிறீங்க, அதான் பிரச்சினை. நல்லா குனிஞ்சா தானா எந்திரிச்சுடுவீங்க," என்று அவள் ஆயிரமாவது முறையாக அறிவித்தாள்.

குனிவதா? ஓடும் பஸ்ஸில் முன்னால் சாய்ந்த கண்டக்டர்களின் பற்கள் எத்தனையோ திடீர் பிரேக்குகளில் பறிபோனதைக் கண்ணால் கண்டவர் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே முதுகைப் பின்னால் சாய்க்கப் பழகி, அந்தப் பழக்கத்தாலேயே முப்பத்திரண்டு பல்லோடு ஓய்வுபெற்ற மாவீரர். மூளை குனியச் சொன்னாலும் முதுகெலும்பு பிரேக்கை எதிர்பார்த்துப் பின்னுக்கு இழுத்தது.

அன்று மாலை, விழுந்தால் பிடித்துக்கொள்ள இடுப்பில் ஒரு பட்டை கட்டி, மார்பில் கைகளைக் குறுக்கே வைத்து, மீசை துடிக்க, நாசி விரிய, கடலே எழுவதுபோல் எழுந்தார் பெருமான். பாதிவழியில் கடல் மனம் மாறியது. தொப்பென்று விழுந்தார். மீண்டும் எழுந்தார், மீண்டும் தொப். ரெக்சின் இளக்காரமாகப் பெருமூச்சு விட்டது. வாசலில் நின்ற மகளின் கை, தானாகக் கைப்பை ஜிப்பின்மேல் போய் அமர்ந்தது. அவள் முகத்தில் வெற்றி இல்லை. அழுகை வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் எடுங்க சார். கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்," என்று நடுவர் வாட்சைத் தாழ்த்தினாள்.

அவ்வேளையில்தான் உள்ளே நுழைந்தார், அடுத்த முறைக்காக அரைமணி முன்னதாகவே வந்துவிட்ட மூதாட்டி, ஓய்வுபெற்ற தபாலாபீஸ் அம்மா. நான்கு கால் வாக்கரைத் தட்டித் தட்டி வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். உட்கார வேறு நாற்காலி இல்லை. கால்கள் லேசாக ஆடின.

என்ன நடந்தது என்று சொல்வதற்குள் நடந்து முடிந்துவிட்டது. தகட்டையும் திருகாணியையும் மறந்து, ஸ்டாப்வாட்சையும் சாவியையும் மறந்து, வழிகாட்டக் கையை நீட்டி, முன்னால் நன்றாகக் குனிந்து, பூ மலர்வதுபோல் எழுந்து நின்றார் பெருமான்.

"வாங்கம்மா, இப்படி உக்காருங்க."

தபாலாபீஸ் அம்மா உட்கார்ந்தார். எல்லார் கண்ணும் அந்த நீல நாற்காலியின் பக்கமே திரும்பின.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கிறீங்க?" என்றார் அவர்.

"சார், நான் வாட்ச் அழுத்தலையே!" என்று நடுவர் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பக்கத்து அறையிலிருந்து வேறு நாற்காலி தருவித்து அம்மாவை அதில் அமர்த்தினாள், பெருமானை மீண்டும் நீல நாற்காலியில் உட்காரவைத்துக் காதோரம் சொன்னாள்: "எந்திரிக்காதீங்க சார். இடம் கொடுங்க. அஞ்சு பேருக்கு."

கட்டைவிரல் அழுத்தியது. கண்ணை மூடிய பெருமானின் முன் பழைய பஸ் வந்து நின்றது, புகையோடும் நெரிசலோடும். முதலில் ஏறியவள் நிறைமாதக்காரி. "உக்காரும்மா!" குனிந்தார், எழுந்தார். ஒன்று! அடுத்து, கண்ணில் கட்டுப் போட்ட கிழவர். "இப்படி வாங்க பெரியவரே!" இரண்டு! தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டவள், மூன்று! கால் கட்டு அவிழாத கொத்தனார், நான்கு! தொடைச் சேனை முழங்கியது. கண்ணாடியில் ஒரு வெண்மீசை மேலும் கீழும் பறந்தது. தபாலாபீஸ் அம்மா இதையெல்லாம் தன் மருந்தின் வேலை என்று எண்ணிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

ஐந்தாவதாக யாரும் ஏறவில்லை.

பஸ் காலியாகிவிட்டது. இருபத்துமூன்று நொடி, இருபத்துநான்கு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்!" என்று நடுவர் கூவினாள். பெருமான் கண்ணைத் திறந்தார். எதிரே வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து கடையில் நின்றவள், அங்கிருந்து நேரே வந்து இங்கேயும் நிற்பவள், செருப்பு வாரை மீறிப் பாதம் வீங்கியவள். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நிற்கும் அந்த நிலை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய நிலைதான் அது. இத்தனை நாள் அதைப் பார்க்காமல் போனோமே!

குனிந்தார். எழுந்தார்.

"நீ உக்காரும்மா."

இருபத்தொன்பது நொடி! எழுக முரசம்! ஆர்ப்பரிக்க இணைகம்பிகள்! மகள் வந்து அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைப்பையில் புதைத்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு ஜிப்பைத் திறந்து சாவியை நீட்டினாள்.

"பாத்ரூம்ல போன வாரமே கைப்பிடி போட்டு வெச்சுட்டேன்ப்பா," என்றாள்.

"அப்ப நான் ஜெயிப்பேன்னு தெரியுமா?"

"தோத்தா சாவியை எப்படிக் கொடுக்கிறதுன்னுதான் தெரியல."

ஆட்டோ பிடிக்கிறேன் என்று மகள் மன்றாடியும் மறுத்து, வலக்கையில் வெற்றிக்கோலாகிய கைத்தடியும் இடப்பையில் தன் கோட்டைச் சாவியுமாக, எட்டு வாரத் தவத்தால் மீண்ட இரு தொடைச் சேனைகளும் புடைசூழ, ஆஸ்பத்திரி வாசல் தாண்டி, தெருவோரம் ஒதுங்கி, தாம் ஒருகாலத்தில் விசிலால் ஆண்ட அந்த இரும்பு வேழம் புழுதி எழுப்பி வந்து தம்முன் மண்டியிட, ஒரு படி, இரு படி, மூன்றாம் படி என்று ஏறி உள்ளே புகுந்தார் பெருமான்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை.