சனிக்கிழமைப் படிப்பு

துறைமுகத்தடியில் ஓர் ஐஸ் கம்பனியின் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் பாக்கியரத்தினம் போன வருசம் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். சனிக்கிழமை அவர் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் படிக்கிற நாள். அன்றைக்கு யாரும் அவருக்கு வேலை சொல்லக் கூடாது.

ஆரம்பப் பாடம் ஒரே மாதத்தில் முடிந்துவிட்டது. அடுத்த படிக்கு நல்ல புத்தகம் வேண்டுமே. தேடத் தொடங்கியவர் பதினொரு மாதமாகத் தேடிக்கொண்டே இருந்தார். நாற்பத்தேழு புத்தகங்களைக் கணினியில் இறக்கி வைத்தார், ஒன்றையும் திறக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு நாற்பத்தேழு கூடமும் கோணல். உள்ளதைச் சொன்னால், தேடல் முடிந்தால் படிக்க வேண்டி வரும். படித்து முடித்தால் சனிக்கிழமை கையைவிட்டுப் போய்விடும்.

இந்தச் சனிக்கிழமை சட்டத்துக்கே சோதனை வந்தது. மனைவி மதிவதனாவின் தங்கச்சி குடும்பம் நிலாவெளியிலிருந்து பின்னேர பஸ்ஸில் வருகிறது. கூரைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி முழுக்கப் பாசி. வெயிலோ மண்டையைப் பிளந்தது.

"இஞ்சருங்கோ, தாங்கியைக் கழுவவேணும்," என்றபடி வந்தாள் மதிவதனா.

பாக்கியரத்தினம் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். கணினியில் ஒரு கட்டளையை அடித்தார். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின.

"இப்ப எழும்ப ஏலாது மதி. முக்கியமான வேலை ஓடுது. இடையில நிப்பாட்டினா கொம்பியூட்டர் பழுதாப் போகும்."

பதினொரு மாதமும் இதற்குத் தலையாட்டிவிட்டுப் போனவள், இன்றைக்குக் குனிந்து பார்த்தாள்.

"இது உள்ளுக்கிருக்கிற கோப்புகளின்ர பேரைத்தானே வாசிக்குது? நிப்பாட்டினா ஒண்டும் ஆகாது."

தேங்காய்ப்பூ ஒட்டிய விரல்களால் இரண்டு விசைகளை அழுத்தினாள். ஓட்டம் நின்றது. பாக்கியரத்தினத்துக்கு மூச்சும் நின்றது.

"இதை எங்க படிச்சனீர்?"

"நீங்கள் இறக்கி வச்ச பன்னிரண்டாவது புத்தகத்தில. நல்ல புத்தகம். நீங்கள் கந்தோருக்குப் போனாப்பிறகு நாளுக்கு ஒரு பாடம் வாசிச்சு, செய்தும் பாத்தனான். போன கிழமைதான் முடிஞ்சது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் தேடிக்கொண்டிருந்தனீங்கள். குழப்பக் கூடாதெண்டு விட்டனான்."

சொல்லிவிட்டு, விட்ட சமையலைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வீறாப்பு விடவில்லை. இந்தக் கணினியில் யாரையும் விடவும் தடுக்கவும் அதிகாரமுள்ள நிருவாகி அவர்தானே. அவள் இனித் தொடாதபடி பூட்டிவிட்டால் கதை முடிந்தது. நிருவாகிக்கு மட்டுமே உரிய கட்டளையை ஆத்திரத்தோடு அடித்தார்.

'இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும்' என்று திரை இங்கிலீசில் சொன்னது.

நிருவாகி தான் இல்லையென்றால் யாருக்கு அறிவிக்கப்படும் என்று அவர் யோசித்து முடிக்கவில்லை. குசினியில் மதிவதனாவின் போன் 'டிங்' என்றது.

"ஏணி கிணத்தடியில சாத்தியிருக்கு," என்று அங்கிருந்தே குரல் வந்தது.