மீன் ஏற ஒரு கையெழுத்து

மதிப்பும் அன்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, ஆனால் அது உங்களுக்கு ஏற்கனவே பழக்கமான முழங்கால்தான். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைப்பதென்ன, போன ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் உட்கார்ந்துதானே சாப்பிட்டீர்கள், நன்றாகத்தான் இருந்தீர்கள். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறவருக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுதுகிறாரே, வெல்டிங் புகை மூளைக்கு ஏறிவிட்டதா என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஆபீஸில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழித் தாளில், "இம்மனு குறித்து மேற்படி அலுவலரிடம் பேச மாட்டேன்" என்று இருக்கிறது. மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். பேச மாட்டேன் என்றுதான் இருக்கிறது, எழுத மாட்டேன் என்று இல்லை. எட்டாவது வரைக்கும் படித்தவன்தான், ஆனாலும் இந்த அளவுக்குப் படிக்கத் தெரிகிறது.

அந்தத் தாளால் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை என்ன பாடுபட்டது என்று நீங்களே பார்த்தீர்கள். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்து, வாய் தவறி, "மழை வர்ற மாதிரி இருக்கே மாமா" என்றீர்கள். நானும் ஆமாம் போட வாயெடுத்தேன். மழை என்றால் ஓடை, ஓடை என்றால் மீன், மீன் என்றால் ஃபைல் என்று சட்டென்று ஞாபகம் வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்து வாயை அடைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும், தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டீர்கள். பாப்பா, "என்னப்பா, மாமனாரும் மருமகனும் ஊமைப் படம் ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். உங்கள் அத்தை, "பேசினா ரெண்டு பேரையும் ஜெயில்ல போட்டுடுவாங்களாம்டி, நீ சாப்பிடு" என்றாள்.

நீங்கள் ஃபைலை மட்டும் பார்த்தவர், அதுவும் மேலட்டையை மட்டும். உள்ளே என்ன நடந்தது என்பதை நான் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் பட்டறைக்கு எதிரே, சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் போகிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மேலே இருக்கும் குளத்துத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வந்து இந்தப் பக்கம் ஓடையில் விழுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சாலை தாழ்வாக இருந்தது, மழை பெய்தால் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், கிரைண்டர் மிஷின் நீச்சல் பழகும். சாலையை உயர்த்தித் தாருங்கள் என்று ஒரு மனு எழுதிப் போட்டேன். வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே பாஸான மனு அது ஒன்றுதான். சாலையை உயர்த்தினார்கள், குழாயையும் சேர்த்து உயர்த்திவிட்டார்கள். இப்போது குழாய் வாய் ஓடையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கிறது. முதல் மழைக்கு மீசை மீன்கள் முட்டை போடக் குளத்துக்குப் போக வேண்டும். (ஓடையில் இருக்கும் அந்தச் சின்ன மீனுக்கு ரெண்டு பக்கமும் மீசை இருக்கும், அதனால் தெருவில் எல்லோரும் வைத்த பெயர் அது.) எதிர்த் தண்ணீரில் ஏறி வந்து குழாய்க்குக் கீழே கும்பலாக நிற்கும். குதிக்கும். மூன்றடி எட்டாது. சிமெண்டில் மோதி விழும். மறுபடி குதிக்கும். பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்தால் தப், தப் என்று சத்தம் கேட்கும். மூன்று மழைக்காலமாகக் கேட்கிறேன். மூன்றாவது வருஷம் கும்பல் பாதியாகிவிட்டது. மனு எழுதியது நான், அடிபடுகிறது அது. டீ இறங்குமா சொல்லுங்கள்.

என் கைக்குத் தெரிந்தது இரும்பு ஒன்றுதான். குழாய் வாயிலிருந்து ஓடைக்குச் சரிவாக இறங்க ஒன்பதடி நீளத்தில் ஒரு தொட்டி அடித்தேன், குறுக்கே ஆறு தகடு வைத்து வெல்டிங்கில் பற்ற வைத்தேன். ஒவ்வொரு தகடும் அரை அடி. ஒரு தகடைத் தாண்டினால் கொஞ்சம் இளைப்பாற இடம், பிறகு அடுத்தது. நம் வீட்டு மாடிப்படி மாதிரிதான், என் முழங்காலுக்கு ஏற்ற படி இன்னும் யாரும் அடித்துத் தரவில்லை, அது வேறு விஷயம். இரும்பெல்லாம் பட்டறையில் கிடந்த மிச்சம். நாலு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் அது அரசாங்கக் குழாய், அதில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். அனுமதி தனியாகக் கொடுக்க மாட்டார்களாம், வன உயிர், மீன்வளப் பாதுகாப்பு மானியம் என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கினால் அனுமதி அதோடு சேர்ந்து வருமாம். பாப்பாதான் சொன்னாள். "அப்பா, அவரோட ஆபீஸ்தான்" என்றும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம். நாலு பிரதி. அதில் "திட்டத்தால் பயனடைவோர் பெயர், வயது, முகவரி" என்று கேட்டிருந்தது. மீசை மீன், வயது தெரியாது, ஓடை என்று எழுதினேன். வயது இல்லாமல் வாங்க முடியாது என்று உங்கள் ஆபீஸ் மூன்றாம் மேசை அம்மா திருப்பிக் கொடுத்தார், சுமார் ஒன்று என்று போட்டேன், வாங்கிக்கொண்டார். "பயனாளிகள் கூட்டம் நடத்துனீங்களா?" என்று கேட்டார். "மழைக்கு மழை குழாய்க்குக் கீழ கூட்டம்தான் மேடம்" என்றேன். "போட்டோ இருக்கா?" என்றார். இருந்தது, கொடுத்தேன். இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தவன் பதினான்காம் கேள்வியில் விழுந்தேன். "மனுதாரரின் உறவினர் எவரேனும் இத்துறையில் பணிபுரிகிறாரா?" இந்த மாதிரிக் கேள்விக்கு உலகத்தில் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவார்களாம். எனக்கு அது தெரியாது. பெருமையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். "ஆம். என் சொந்த மாப்பிள்ளை. இரண்டாம் மாடி, ஜன்னலோர சீட். தங்கமான மனிதர், ஒரு பைசா தொட மாட்டார். என் பெயரைச் சொன்னால் உடனே முடித்துக் கொடுப்பார்." கடைசி வரியை ஒரு மரியாதைக்குத்தான் எழுதினேன், மாப்பிள்ளை. மூன்றாம் மேசை அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், இன்னொரு தடவை படித்தார். "ஐயா, இது அவர் மேலே புகார் கடிதமா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. ஆபீஸ் முழுக்க அந்தத் தாளைக் கை மாற்றிப் படித்தார்கள் என்றும், மூன்று நாள் நீங்கள் கேன்டீனுக்கே போகவில்லை என்றும் பாப்பா சொல்லி அழுதாள். அதற்கு நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். என்னிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, "இந்த மனுவிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறேன்" என்று உங்களுக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் ஃபைல் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும். நீங்கள் என்ன செய்தீர்கள்? "என் மாமனார் சம்பந்தப்பட்ட தாளில் நான் கையெழுத்திடுவது முறையல்ல" என்று ஓரத்தில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டீர்கள். மேலதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார். பத்தொன்பது நாள் ஆகிறது. இப்படி ஒரு நேர்மையான மாப்பிள்ளை வேண்டும் என்று தேடித் தேடிக் கட்டிக் கொடுத்தவன் நான்தான், யாரைச் சொல்ல.

இதற்கு நடுவில் மீனுக்கு அடையாளச் சான்று வேண்டும் என்றார்கள். போட்டோவில் மீசை தெரியவில்லையாம். சரி, ஆளையே கொண்டுபோய் நிறுத்திவிடுவோம் என்று ஓடையில் தேங்கிய தண்ணீரில் ஒன்றைப் பிடித்து, மூடி போட்ட வாளியில் விட்டு, பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் பேன்ட் நனைந்தது. இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "வயசானா இப்படித்தாங்க, டாக்டரைப் பாருங்க" என்றார். ஆபீஸில் வாளியை மேசையில் வைத்தேன். மூன்றாம் மேசை அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"இதைக் கொண்டு வர்றதுக்குப் பர்மிட் இருக்கா?"

"எதுக்கு மேடம் பர்மிட்? கையளவு மீன்."

"ஐயா, இது அரிய மீன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அரிய மீனைப் பர்மிட் இல்லாம தூக்கிட்டு வந்தா குற்றம்."

"அப்ப சாதாரண மீன்னு வெச்சுக்குங்க."

"சாதாரண மீனுக்கு மானியம் கிடையாதே."

மானியம் வேண்டும் என்றால் நான் குற்றவாளி, குற்றவாளி இல்லை என்றால் மானியம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க அந்த ஆபீஸில் இடமே இல்லை.

"அப்ப வாளில என்னங்க இருக்கு?" என்று அவரே மெதுவாகக் கேட்டார். நல்ல மனுஷி, மாப்பிள்ளை, வழி காட்டினார்.

"தண்ணி மேடம். வெறும் தண்ணி."

அந்த நேரம் பார்த்து வெறும் தண்ணி ஒரு துள்ளுத் துள்ளி மூடியைத் தட்டியது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்காமல், "உங்க தண்ணியை சீக்கிரம் கொண்டு போய் ஓடையில விட்டுடுங்க, மூச்சு வாங்குது" என்றார். நல்லவேளை நீங்கள் இரண்டாம் மாடியில் இருந்தீர்கள். திரும்பி வந்து ஓடையில் விட்டுவிட்டேன். அது நேராகக் குழாய்க்குக் கீழேதான் போய் நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அனுமதி வரும் முன்னே வேலையைத் தொடங்கினால் மனு தள்ளுபடி, அப்புறம் எப்போதும் விண்ணப்பிக்க முடியாது என்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதனால் தொட்டி பட்டறையில் சும்மா சாய்ந்து நிற்கிறது, உங்கள் அத்தை அதில் ஈரத் துணி காயப்போடுகிறாள். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த மழையையும் விட்டால் அடுத்த வருஷம் குழாய்க்குக் கீழே கூட்டமே இருக்காது. நான் உங்களிடம் சலுகை எதுவும் கேட்கவில்லை. என் மனுவைப் பாஸ் பண்ணுங்கள் என்றும் கேட்கவில்லை. அதிலிருந்து ஒதுங்கிக்கொள்ள ஒரே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதுவும் தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் போட வேண்டாம், ஆனால் தப்பு இல்லை என்று கொஞ்சம் தோன்றவைத்துக்கொள்ளுங்கள். மாமனாருக்காக வேண்டாம், அந்த மீனுக்காகப் போடுங்கள். அதற்கு மீசை இருக்கிறதே தவிர, பேனா பிடிக்கக் கையில்லை.

பாப்பாவுக்கு என் ஆசிகள். அழ வேண்டாம் என்று சொல்லவும். உங்களுக்குப் பதவி உயர்வும், மேலதிகாரிக்குப் பயிற்சியில் நல்ல தேர்ச்சியும், மூன்றாம் மேசை அம்மாவுக்கு நீண்ட ஆயுளும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

என்றும் உங்கள் மேல் மரியாதையும் கொஞ்சம் பயமும் உள்ள,
மாமா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுத்து கரைந்திருப்பது மழை, நான் அழுததாக நினைக்க வேண்டாம். தபால் பெட்டிக்குப் போகும் வழியிலேயே பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டது, அதற்கு யார் அனுமதி கொடுத்தார்களோ. பட்டறைக்கு ஓடி வந்தால் தப், தப் என்று ஆரம்பித்துவிட்டது. நான் குழாயையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் அத்தை தொட்டியிலிருந்து துணியை உருவிக்கொண்டே, "அப்ரூவல் வந்துடுச்சா?" என்று கேட்டாள். "வரலை" என்றேன். "மீன் வந்துடுச்சு" என்றாள். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டேன். டயர் கடைக்காரர் ஒரு முனை, தையல்காரர் ஒரு முனை, நான் நடுவில், உங்கள் அத்தை டிரில் மிஷினுக்குக் குடை. நாலு போல்ட்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே நான் கேட்டது எதையும் செய்ய வேண்டாம். முப்பத்தெட்டாம் பக்கத்தின்படி என் மனுவைத் தள்ளுபடி செய்துவிடச் சொல்லுங்கள், உங்கள் நேர்மைக்கும் அது அழகு, கேன்டீனுக்கும் தலை நிமிர்ந்து போகலாம். தண்டம் போட்டால் கட்டுகிறேன். கழற்றச் சொன்னால் கழற்றிவிடுகிறேன், மழைக்காலம் முடிந்த பிறகு, முழங்கால் ஒத்துழைத்தால். இப்போது பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதினேழு மீன் ஏறிவிட்டது, நாலாம் தகட்டில் ஒன்று இளைப்பாறிக்கொண்டிருக்கிறது. சத்தம் எதுவும் இல்லை. டீ நன்றாக இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அழைத்துக்கொண்டு சாப்பிட வாருங்கள். இனி நம்மிடையே ஃபைல் எதுவும் கிடையாது. மழையைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.