ஊதாமல் கிளம்பிய மின்ரயில்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும் எடையளவு ஆய்வாளனுமாகிய நான், உங்கள் மேற்பார்வையில் மின்மயமாக்கப்பட்ட பாதையில் ஓடும் புதிய ரயில் மீது புகார் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். நலம் என்று எழுதுவது மரபு; நலமாக இல்லை. உங்கள் ஊர் ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் இருக்கிறேன். எதிரே, பெட்டியின் மேல் கைவைத்தபடி உங்கள் அம்மா அமர்ந்திருக்கிறார்கள்.

கடந்த ஞாயிறன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆளில்லை என்று கருதி மின்விசிறியை அணைத்தேன். விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் அத்தை இருந்தார்கள். "என்னை ஒரு ஆளாவே கணக்குல வைக்கல" என்று சொல்லிப் பேச்சை நிறுத்தியவர்கள், இன்று பெட்டி கட்டிவிட்டார்கள். "வண்டி கிளம்புறதுக்குள்ள அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. இல்லேன்னா அடுத்த வண்டியில நானும் போயிடுவேன்" என்றாள், வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய உங்கள் தங்கை. அவள் சொன்னால் செய்வாள், நீங்கள் அறியாததல்ல.

வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டேன். பழைய டீசல் வண்டி நாகரிகம் அறிந்தது. முதலில் ஊதும், பிறகு ஒரு குலுக்குக் குலுக்கும், அதன்பின்னும் யோசித்துத்தான் நகரும். சொல்லத் தயங்குவதையெல்லாம் அந்த இடைவெளியில் சன்னல் வழியே சொல்லிவிடலாம். பதில் வருவதற்குள் வண்டி போய்விடும். உங்கள் திருமணத்துக்கு உங்கள் அப்பா சம்மதம் சொன்னதே அப்படித்தான் என்று கேள்வி. ஆனால் நீங்கள் கம்பி இழுத்துவிட்ட இந்த வண்டியோ! பெட்டியை மேல்தட்டில் வைத்துவிட்டு, ஊதட்டும் என்று நின்றேன். ஊதவில்லை, குலுங்கவில்லை, கதவு தானாக மூடிக்கொண்டது, நடைமேடைத் தூண்கள் பின்னால் நகர்வதைக் கண்டபோதுதான் நான் கடத்தப்படுவது புரிந்தது. வழியில் எங்கும் நிற்காத வண்டி. என் பையில் நடைமேடைச் சீட்டும் வீட்டுச் சாவியும் மட்டுமே.

பரிசோதகர் வந்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளாட்பாரம் டிக்கெட்டை வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே சார், பிளாட்பாரமும் கூடவே வருதா?" பெட்டி முழுவதும் சிரித்தது. அத்தையைக் காட்டி, "இவர்கள் என் மாமியார்" என்றேன். "இவரா? யாரோ. பெட்டியைத் தூக்கி வச்சாரு" என்று அத்தை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பரிசோதகர் இரக்கப்பட்டு, "சரி விடுங்க சார், வயசான மனுஷன்" என்றார். எனக்கு ஐம்பதுதான் என்பதையும், விதிப்படி அபராதம் விதித்து ரசீது தருவது அவர் கடமை என்பதையும் எடுத்துரைத்தேன். அப்போதுதான் அத்தை பணப்பையைத் திறந்தார்கள். "மாப்பிள்ளைதான். முழுசாப் போடுங்க தம்பி. தள்ளுபடி குடுத்தா அவருக்குத் தூக்கம் வராது."

ரசீது கிடைத்தது, இருக்கை அதில் குறிப்பிடப்படாததால், காலி இருக்கையின் அருகே கடைசிவரை நின்றே வந்தேன். மன்னிப்பு? இரண்டு மணி நேரம் இருந்தது. பதில் வரக்கூடிய இடத்தில் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

வண்டி குறித்த நேரத்தில் வந்து நின்றது. அழைத்துப்போக வரவேண்டிய நீங்கள் இல்லை. அத்தை கைப்பேசியில் கூப்பிட்டால், "நம்ம வண்டி என்னைக்கும்மா நேரத்துக்கு வந்திருக்கு? இப்பத்தான் குளிக்கப் போறேன்" என்றீர்களாமே! உங்கள் வண்டியை நீங்களே நம்பவில்லை என்றால் நாங்கள் என்னய்யா செய்வது? குறைந்தபட்சம் அதற்கு ஒரு ஊதலாவது பொருத்துங்கள். குடும்பங்கள் பிழைத்துப் போகட்டும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். உங்களுக்கு மட்டும் பிறகு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேற்கண்ட புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கையொப்பமிட்டு நிமிர்ந்தபோது, வெறிச்சோடிய கூடத்தில் ஆறு மின்விசிறிகள் சுழல்வதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அத்தை பார்த்தார்கள். "கை நமநமங்குதா? போய் அணைச்சிட்டு வாங்க." ஐந்தை அணைத்தேன். "என் தலைக்கு மேல ஓடுறதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" "அங்க ஆள் இருக்கு, அத்தை" என்றேன். அத்தை பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தார்கள். பிறகு எழுந்து போய் இரண்டு பயணச்சீட்டுகளோடு வந்தார்கள். "கம்பி இழுத்தவன் குளிச்சு முடிக்கட்டும். வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம். அவ வாசல்லயே நிப்பா, சாவி உங்ககிட்ட இருக்கு."

நீங்கள் வந்ததும் தரும்படி இக்கடிதத்தை நிலையத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, முறையான சீட்டுடன் இப்போது ரயிலேறுகிறேன். ஊதும் என்று காத்திருக்க மாட்டேன்.