பதினோரு பிள்ளைகளுக்கு அம்மா

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பிள்ளைகளை அதட்டத் தெரியாது. அதட்டினால் அவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிடுவேன். இந்த லட்சணத்தில்தான் இருபத்துநாலு வயதில், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் தற்காலிக நூலகராக உட்கார்ந்திருந்தேன். (‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை நானே எழுதி மாட்டினேன். அதை மதித்ததும் நான் மட்டும்தான்.)

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, முழுப்பரீட்சை லீவு. பட்டாசுக் கம்பெனி வேன் நூலக வாசலில்தான் நிற்கும். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு ஏறிவிடுவார்கள்.

"டீச்சர், சாயங்காலம் வேன் வரவும் கூட்டிக்கிடுதோம். நீங்க சும்மாதான இருக்கீக."

மொத்தம் பதினோரு பேர். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டினார்கள். பஸ் அகராதி அலமாரியில் மோதி நின்றது. தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். அதிகாரி அந்த வாரமே நேரில் வருவதாகத் தகவல் வந்தது. என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில்தான் இருந்தது. இங்கே சத்தம் கேட்டால் அது அங்கேயே கிடக்கும்.

என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதுதான் ஆபத்து.) புதிதாக வந்த நானூறு புத்தகங்களுக்குத் தேதிச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. விளையாட்டு மாதிரி இருக்கட்டுமே என்று பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

பத்து வயது முத்துமாரி என் கோந்து பாட்டிலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது எந்த மூலைக்குக்கா? வீட்டுல மைதா பசை இருக்கு, எடுத்தாரேன்."

சட்டி நிறையப் பசை வந்தது. சீட்டுகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்கி, ஒரே இழுப்பில் இருபதுக்கும் பசை தடவினாள். ஒருத்தி பிரித்தாள், ஒருவன் ஒட்டினான், ஒருவன் அடுக்கினான்.

"பேசாம செய்ங்கலே, எண்ணிக்கை விட்டுப்போகும்" என்று முத்துமாரி ஒரு அதட்டுப் போட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறி கீச்சிடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது வெளியே வண்டிச் சத்தம்.

"ஏலே, ஜீப்பு!"

கண் மூடித் திறப்பதற்குள் பதினோரு பேரையும் காணோம். மேஜைக்கடியில் சிலர், அலமாரிக்குப் பின்னால் சிலர், புத்தகம் வந்த பெட்டிக்குள் ஒருவன். எங்கள் பக்கத்தில் ஜீப் என்றால், குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வரும் ஜீப். நூலக அதிகாரிக்கும் ஜீப் உண்டு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதிகாரி உள்ளே வந்தார். வாசலில் பதினோரு ஜோடி குட்டிச் செருப்பு. அறை நடுவில் பசைச் சட்டி.

"பிள்ளைங்க தொந்தரவுன்னு புகார் வந்துச்சு. யாரையும் காணோமே?"

"பிள்ளைங்க யாரும் வர்றதில்ல சார்" என்றேன். (அவர்களோடு சேர்ந்து என் புத்தியும் மேஜைக்கடியில் போயிருக்க வேண்டும்.)

அவர் உட்கார நாற்காலியை இழுத்தார். மேஜைக்கடியிலிருந்து ஒரு குரல், மூச்சுவிடாமல்:

"நான் வேலை பாக்கல சார். அம்மாவுக்குச் சோறு கொண்டாந்தேன்."

உடனே அலமாரிக்குப் பின்னாலிருந்தும் பெட்டிக்குள்ளிருந்தும் அதே பதில், வார்த்தை மாறாமல் வந்தது.

"உங்க அம்மா யாரு?"

முத்துமாரி பசைக் கையோடு வெளியே வந்து, கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினாள்.

"இவுகதான் சார்."

"எல்லாருக்குமா?"

"ஆமா சார். எல்லாருக்கும்."

கல்யாணமே ஆகாத நான் திருதிருவென்று விழித்தேன். அதிகாரி ஒரு புத்தகத்தைத் திறந்தார். சீட்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"நீங்க ஒட்டினதா?"

"இல்ல சார்."

"தெரியுது. எழுத்துல விளக்கம் கொடுங்க."

அரசு நூலகத்தில் நான் குழந்தைகளை வேலைக்கு வைக்கவில்லை என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அன்று அதற்காக மட்டும்தான் அழுதேன். பிள்ளைகள் அந்தப் பதிலை எதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் பசைச் சட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பஸ்ஸுக்கு நானே நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பெரியவருக்கு முன் சீட் தருவதாகச் சொன்னேன், அவர் ஏறவில்லை.

கதை ஊரெல்லாம் பரவி, பெண்பார்க்க வந்தவர் வரைக்கும் போயிருந்தது. ("மீதிப் பிள்ளைங்க எங்க?" என்று கேட்டார். அவரையே கட்டிக்கொண்டேன்.) இப்போது எங்கள் மகனிடம் ஒரு தட்டைக் கழுவச் சொன்னால் போதும், ஆறடி உடம்பை மடக்கி மேஜைக்கடியில் புகுந்துகொண்டு ஆரம்பிப்பான்:

"நான் வேலை பாக்கல சார். அம்மாவுக்குச் சோறு கொண்டாந்தேன்."

சோறு மட்டும் ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை.