கடைசி ஆள் திறக்க வேண்டிய டப்பா

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்த வருஷம் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ரேஷனில் சர்க்கரை வந்ததா என்றும் கேட்கவில்லை. "எத்தினி விழுது இறக்கினே?" என்று கேட்டார்கள். கப்பலிலிருந்து கோதுமை மூட்டை இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த ஊர், வேலையை மாற்றிக்கொண்டு விழுது இறக்கக் கிளம்பிவிட்டது.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குபேர தூபம் என்று ஒரு தகர டப்பா. மூடியின் மேல் தொப்பை பெருத்த குபேரன் படம். கிறிஸ்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை. பாய்மார்களும் வாங்க வேண்டுமே என்று இன்னோர் ஓரத்தில் பிறை. மூன்று மதமும் அந்த மூடியின் மேல் காட்டிய ஒற்றுமையை நான் ஊருக்குள் வேறெங்கும் பார்த்ததில்லை. உள்ளே இருப்பது இமயமலைச் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை புகை போட்டால், புகை போன வழியே பணம் உள்ளே வரும். விலை பதினைந்து ரூபாய்.

சாம்பிராணிக்குப் பதினைந்து ரூபாயா என்று வாயைப் பிளக்காதீர்கள். வாங்கியவர் அன்றைக்கே 'விழுது' ஆகிவிடுவார். அவர் மூன்று பேரைப் பிடித்து ஆளுக்கொரு டப்பா விற்றால் 'கிளை'. அந்த மூன்று பேரும் ஆளுக்கு மூன்று பேரைப் பிடித்தால் இவர் 'அடிமரம்'. கீழே விற்கிற ஒவ்வொரு டப்பாவிலும் மேலே இருப்பவருக்குப் பங்கு உண்டு. ஆலமரத் திட்டம் என்று பெயர்.

திட்டத்துக்கு ஒரே ஒரு விதி. மூடியைச் சுற்றி அரக்கு வைத்து முத்திரை போட்டிருக்கும். விற்கிறவர் அதை உடைக்கக் கூடாது. உடைத்தால் யோகம் காற்றோடு போய்விடும். கடைசியாக வாங்குகிறவர்தான் நல்ல நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். வாங்கிய அத்தனை பேரும் விற்பதற்காகவே வாங்கினார்கள். கடைசியாக வாங்கிய அந்தப் புண்ணியவானை மட்டும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆலமரத்துக்கு விதை போட்டவர் சிங்கப்பூர் சண்முகவேல். காவி கட்டினால் ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள் என்று தெரிந்த மனிதர். டெர்லின் சட்டை போட்டார். பையில் இரண்டு பேனா குத்தினார். சிங்கப்பூரில் மூன்று மாடி வீடு இருப்பதாகச் சொன்னார். ஆனால் கொஞ்ச காலத்துக்கு முன்னால் மூலக்கொத்தளம் பஸ் ஸ்டாப்பில் அவர் மூட்டுவலித் தைலம் விற்றதைப் பார்த்தவர்கள் உண்டு. அந்த வியாபாரம் படுத்துவிட்டது. காரணம் வேறொன்றுமில்லை, வாங்கியவர்கள் தடவிப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஐயாவுக்கு அரக்கு முத்திரை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

டப்பாவை விற்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஞாயிறுதோறும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடந்தது. விழுது வகுப்புக்கு ஒரு கட்டணம், கிளை வகுப்புக்கு அதைவிடப் பெரிய கட்டணம், அடிமர வகுப்புக்குத் தலை சுற்றும் கட்டணம். பணக்காரனாவது எப்படி என்று சொல்லித்தருகிறவன் வகுப்புக் கட்டணத்தில்தான் பணக்காரனாகிறான் என்ற பாடம் மட்டும் எந்த வகுப்பிலும் நடத்தப்படவில்லை.

மற்ற பாடங்கள் ஜோராக நடந்தன. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று 'நான் குபேரன், நான் குபேரன்' என்று சொல்ல வேண்டும். யாரைக் கண்டாலும் பல் தெரியச் சிரிக்க வேண்டும். இழவு வீட்டைத் தவறவிடக் கூடாது, சொந்தபந்தம் மொத்தமாகக் கூடுகிற இடம் அதுதான். மூலக்கொத்தளம் இடுகாட்டில் ஒருவர் தகப்பனைப் புதைத்துவிட்டுத் திரும்பியபோது, நான்கு கிளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு பல் தெரியச் சிரித்தன. அவர் மண்வெட்டியைத் தூக்கிய பிறகுதான் விலகின.

டப்பா விற்கவில்லையா? உன் மனசில் சந்தேகம் இருக்கிறது என்றார் சண்முகவேல். சந்தேகம் போக என்ன வழி? அடுத்த வகுப்பில் சேருவதுதான் வழி. சந்தேகப்படுகிறவர்களுக்கு வகுப்பில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எதிர்க்காற்று. எதிர்க்காற்றோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே, அது கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் சரி.

இப்படிப் பேச்சை நிறுத்தியவர்களில் ஒருவன் ஸ்டானிஸ்லாஸ். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். வருஷக்கணக்காகத் தினக்கூலியாக அலைந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால்தான் பர்மனெண்ட் ஆனான். பர்மனெண்ட் என்ற வார்த்தைக்கு ராயபுரத்தில் என்ன மதிப்பு என்று பெண் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கண் இல்லையென்றால் கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பர்மனெண்ட் இல்லையென்றால் மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவனை விழுதாக இறக்கியது அவனுடைய பழைய தோஸ்து, பெரம்பூர் ரயில்வே பட்டறை லோகநாதன்.

ஸ்டானிஸ்லாஸின் மனைவி பிலோமி, ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்துப் புருஷன் தன்னைக் குபேரன் என்று சொல்லிக்கொள்வதை அவள் கொஞ்ச நாள் சகித்துக்கொண்டாள். கட்டிலுக்கடியில் டப்பாக்கள் பெருகி, படுக்கிற பிள்ளைகளின் பாயைத் தள்ளிப் போட வேண்டி வந்தபோதுதான் கேட்டாள்.

"மீனு கரையில ஏலம் வுட்டு என் கூடைக்கு வருது. நாலு கை மாறினாலும் கடைசில யார் வூட்டு சட்டிலயாவது கொதிக்குதுல்ல? உன் டப்பா யார் வூட்ல பொகைஞ்சுது, சொல்லுய்யா."

"நீ எதிர்க்காத்து மே" என்று சொல்லிவிட்டு ஸ்டானிஸ்லாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

போனவன் ஜஹாங்கீர் பாயைப் பிடித்தான். பாய் தினமும் சாயங்காலம் தூபக்காலை ஏந்திக் கடை கடையாகச் சாம்பிராணிப் புகை போட்டு, கடைக்காரர் போடுகிற சில்லறையில் குடும்பம் நடத்துகிறவர். அவரிடமே குபேர தூபத்தை நீட்டிய துணிச்சலுக்கு ஒரு வகுப்பு போதாது, இரண்டு வகுப்பாவது படித்திருக்க வேண்டும். பாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இருபது வருஷமா பொகை போட்டுகினு கீறேன் நைனா. பொகையில துட்டு வரும்னா நான் இன்னாத்துக்கு இப்டி நடந்துகினு கீறேன்?"

அவரும் எதிர்க்காற்றுக் கணக்கில் சேர்ந்தார்.

இதுவரை நடந்தது வேடிக்கை. அடுத்து வந்ததைக் கேட்டபோது எனக்கே வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அடிமர வகுப்புக்குக் கட்டணம் இரண்டாயிரம் ரூபாய். வின்ச் ஓட்டுகிறவன் அதற்கு எங்கே போவான்? சண்முகவேல் வழி காட்டினார். மாசச் சம்பளம் என்பது காலில் கட்டிய சங்கிலி. வேலையை விடு, பி.எஃப். பணம் மொத்தமாக வரும், அதை வகுப்பில் கட்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாநாட்டில் ஐந்து வீரர்கள் மேடையேறித் தங்கள் ராஜினாமாக் கடிதத்தைத் தாம்பாளத்தில் வைப்பார்கள். சண்முகவேலின் ஆட்களே திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிடுவார்கள். ஐந்தில் ஒருவன் ஸ்டானிஸ்லாஸ்.

படகு கடலுக்குப் போகாத மழைக்காலத்தில் அந்த வீட்டில் உலை கொதிப்பதும், இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அந்தச் சம்பளத்தில்தான். பிலோமி அழுதாள். கெஞ்சினாள். இரண்டு நாள் சோறு பொங்காமல் கூட இருந்து பார்த்தாள். அவன் கண்ணாடி முன் நின்று 'நான் குபேரன்' என்று இன்னும் உரக்கச் சொன்னான்.

சண்முகவேல் விவரமானவர். பின்னால் பெண்டாட்டிமார் வந்து மண்ணை வாரித் தூற்றக் கூடாதென்று, மனைவியும் மேடையேறிச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். ஸ்டானிஸ்லாஸ் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது பிலோமி சுருக்குப்பையில் இருந்த காசை எண்ணிப் பார்த்தாள். பிறகு வருகிறேன் என்றாள். எதிர்க்காற்று திசை மாறிவிட்டது என்று அவனுக்கு ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேடையில் குபேர தூப டப்பாக்களை மலையாக அடுக்கியிருந்தார்கள். தெய்வீகமாக இருக்கட்டும் என்று ஜஹாங்கீர் பாயைக் கூலிக்கு அமர்த்திப் புகை போடச் சொல்லியிருந்தார்கள். பாய் தன்னுடைய சாம்பிராணியைத்தான் போட்டார். சாம்பிராணி மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு, புகைக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் பிடிப்பானேன் என்று கேட்க அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஐந்து கடிதமும் தாம்பாளத்தில் விழுந்தன. மனைவிமார் வரிசையாகச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிலோமியின் முறை வந்தது. மைக்கைப் பார்த்து அவள் மிரளவில்லை. மார்க்கெட்டில் மைக் இல்லாமலே இதைவிட அதிகக் கூட்டத்தைச் சமாளிக்கிறவள்.

"சம்மதம்தான் வாத்தியாரே. நாளைலேர்ந்து எங்க வூட்ல சம்பளம் இல்ல. அதனால எனக்கு ஒரு டப்பா குடு" என்றாள். சுருக்குப்பையிலிருந்து பதினைந்து ரூபாயை எடுத்து நீட்டினாள்.

எதிர்க்காற்றே விழுதாகிவிட்டது என்று சண்முகவேல் அறிவிக்க, கூட்டம் கைதட்டியது. அவர் பணத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு டப்பாவைக் கொடுத்தார். அவள் அங்கேயே இடுப்புச் சாவியை எடுத்து அரக்கைச் சுரண்டத் தொடங்கினாள். சண்முகவேல் பதறித் தடுத்தார். முத்திரையை உடைக்கக் கூடாது, விதி தெரியாதா என்றார்.

"தெரியும். கடைசியா வாங்கினவங்க தொறக்கலாம்னு நீதான சொல்லிகினு கீற. நான் இத்த யாருக்கும் விக்கப் போறதில்ல. நான்தான் கடைசி ஆளு."

அத்தனை நாளாக யாரும் கண்டிராத அந்தக் கடைசி ஆள், மீன்கூடை சுமந்து காய்த்துப்போன கையில் டப்பாவோடு மேடையில் நின்றுகொண்டிருந்தாள். விதிப்படி அவளைத் தடுக்க வழியே இல்லை.

சண்முகவேல் நல்ல நேரம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். நோட்டீசில் சுபமுகூர்த்தம் என்று அவரே அச்சடித்திருந்தார். வேறு வழி தெரியாமல், மீன் நாறுகிற கையால் தூபத்தைத் தொட்டால் தோஷம் என்று சொல்லிவிட்டார். மீன் பிடித்தும் விற்றும் பிழைக்கிற ராயபுரத்துக்காரர்கள் நிரம்பிய மண்டபத்தில், யோசிக்காமல் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"துட்டு வாங்கறப்ப நாறலியா?" என்றாள் பிலோமி.

கீழே பெண்கள் எழுந்துவிட்டார்கள். திறக்கச் சொல்லுங்கள் என்று சத்தம் எழுந்தது. அரக்கு உதிர்ந்தது, மூடி திறந்தது. உள்ளே இருந்ததை அவள் பாயின் தூபக்காலில் கொட்டினாள். புகை வரவில்லை. இருந்த நெருப்பும் அவிந்தது. பாய் அதை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு சிப்பித் துணுக்கு விரலில் ஒட்டியது.

"மணலு" என்றார். "நம்ம கடக்கரை மணலு."

சல்லடையில் நன்றாகச் சலித்த மணல். ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டுக் கரையில் இலவசமாகக் கிடப்பதை, காசிமேட்டுக்காரனே பதினைந்து ரூபாய் கொடுத்து வாங்கி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு விற்றிருக்கிறான்.

சண்முகவேல் சாமான்யப்பட்டவரா? கையை உயர்த்தினார். சந்தேகத்தோடு திறந்ததால் சாம்பிராணி மணலாக மாறிவிட்டது என்றார். நீங்கள் நம்ப மாட்டீர்கள், முன் வரிசையில் சில தலைகள் ஆமென்று ஆடின. வகுப்புக் கட்டணம் வீண்போகவில்லை.

பிலோமி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உன் மனசுல சந்தேகம் இல்லியேய்யா. நீ தொற."

ஸ்டானிஸ்லாஸ் டப்பா மலையிலிருந்து ஒன்றை எடுத்தான். அவனைப் போல முழுசாக நம்பியவன் அந்த மண்டபத்தில் இல்லை. அரக்கை உடைத்துத் திறந்தான். அதிலும் மணல்தான். பிறகு டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்துவிட்டு, மணலுக்குள் புதைந்த தன் கடிதத்தை இழுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தான். மற்ற நால்வரின் மனைவிமார் அவரவர் புருஷனின் கடிதத்துக்கு ஓடினார்கள். மண்டபம் முழுக்க முத்திரைகள் உடையும் சத்தம். கொஞ்ச நேரத்தில் தரையில் செருப்பு புதையும் அளவுக்கு மணல்.

இதுவரை 'அவர்' என்று எழுதிவிட்டேன், இனிமேல் முடியாது. சண்முகவேல் சமையல்கட்டு வழியாக நழுவினான். மூட்டை தூக்குகிறவர்கள் பிடித்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். சிங்கப்பூரை அவன் காலண்டரில்தான் பார்த்திருக்கிறான் என்பது அங்கே தெரியவந்தது.

இங்கே கதையை முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. மறுநாள் காலை ஸ்டானிஸ்லாஸ் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் லோகநாதன் கையில் ஒரு கனமான பையோடு வாசலில் வந்து நின்றான். ஸ்டானிஸ்லாஸிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தார்கள். அவன் பிலோமியைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, பெரம்பூர் பக்கம் இன்னும் யாருக்கும் தெரியாது. மணல்னு நீ மட்டும் சொல்லிடாத. கையில பத்து டப்பா கீது, தள்ளி வுட்டுர்றேன்."

பிலோமி அவனைத் திட்டவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தாராளமா வித்துக்கோ. தொறந்து காட்டிட்டு வில்லு" என்றாள். லோகநாதன் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

நாம் ஏமாந்தோம் என்று சண்முகவேலை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம். நம்மை ஏமாற்ற அவன் ஒருத்தன் போதவில்லை, நம்மிலேயே ஆயிரம் லோகநாதன்களை அவன் கூலியில்லாமல் சேர்த்துக்கொண்டான். ஊருக்கு நாளைக்கும் ஒருவன் வருவான், யோகம் என்பான், வகுப்பு என்பான், உன் சந்தேகம்தான் உன் சத்துரு என்பான். அவனிடம் வாதாட வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். திறந்து காட்டிவிட்டு விற்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், உங்கள் தலைக்குள் இருப்பதும் மணல்தான் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.