சொம்புக்குள் பத்துச் சீட்டு

செலையூர்,
சனிக்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய சத்யநாராயணன் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் தமிழினி வணக்கத்துடன் எழுதுவது.

நடந்தது எதையும் கூட்டாமல் குறைக்காமல், என் மேல் உள்ள தப்பையும் சேர்த்து, உண்மையாகவே இதில் பதிவு செய்யப் போகிறேன். நாவலூரில் நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். மனசுக்குத்தான் வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலிலிருந்து நன்றாக இல்லை. போனில் சொல்லலாம், ஆனால் உங்கள் போன் என்றாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுவார். அண்ணனின் சிநேகிதர், கேமரா கடை ஜாகிர் அண்ணன், நாளைக் காலை நாவலூரில் ஓர் அடுக்குமாடியில் கேமரா மாட்ட வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க் பாதுகாப்புப் பிரிவுக்குப் பயிற்சியாளர் எடுக்கிறார்கள், சூர்யா எந்தச் சான்றிதழுக்குப் படிக்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அவன் பெயரைக் கொடுக்கிறேன் என்று சொன்னீர்கள் அல்லவா? அன்றைக்கே அப்பா அண்ணனைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு முடிவாவணும். இல்லாங்காட்டி திங்கக்கிழமை காலைல பெயிண்டு கடை சாவியை எடுத்துக்கினு கெளம்பு" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குப் பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசம் பட்டாலே தலைவலி வரும். அதனால் நான் மூன்று நாள் பள்ளிக்கூடக் கணினியிலும் அம்மா போனிலும் படித்து எட்டுப் பக்கத்துக்கு அட்டவணை போட்டேன். சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க்கின் அடிப்படை, தகவல் எந்த வழியாகப் போகிறது வருகிறது என்பது. செக்யூரிட்டி பிளஸ் பாதுகாப்பின் அடிப்படை. சிஇஎச் என்பது திருடன் எப்படி உள்ளே வருவான் என்று அனுமதி வாங்கிக்கொண்டு நாமே வந்து பார்ப்பது. சிஐஎஸ்எஸ்பி அனுபவசாலிகளுக்கானது, ஐந்து வருஷம் அந்த வேலை பார்த்தவர்களுக்கு. இதையெல்லாம் ஹாலில் நின்று வாசித்தேன். சிஇஎச் வந்ததும் அம்மா, "திருடறதுக்குப் பரீட்சையா? பாஸானா வெளியில சொல்ல முடியுமா?" என்றாள். சிசிஎன்ஏ மூன்று வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்றதும் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "இன்னாது, காலாவதியா? பால் பாக்கெட்டா அது? எண்பத்தெட்டுல நான் வாங்கின பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டு இன்னும் செல்லுது. லேமினேஷன் கூட கிழியலை!" கடைசியில் அவருக்குப் பிடித்தது சிஐஎஸ்எஸ்பிதான். "பெருசையே மொதல்ல முடிச்சுட்டா தீந்துது. சின்னதை அப்புறம் பாத்துக்கலாம்." அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிறகுதான் சொம்பு வந்தது. எங்கள் வீட்டில் போர் போட்ட இடம், ஏரிப்பக்கத்து நிலத்தை விற்பதா வேண்டாமா என்பது, ஏன் என் பெயர் கூட, சீட்டுப் போட்டுத்தான் முடிவானது என்பது உங்களுக்கே தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் சீட்டு எழுதி, மடித்து, பித்தளைச் சொம்பில் போட்டு, சாமி அலமாரியில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டியதும் எழுத்து தெரியாத குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். அந்தப் பதவி முன்பு என்னுடையது. நான் ஒன்றாம் வகுப்பில் படிக்கக் கற்றுக்கொண்டதும் பறிபோய்விட்டது. இப்போது மாடியில் குடியிருக்கும் சௌகத் அலி தாத்தாவின் பேத்தி, நான்கு வயது சோயாதான் எடுக்கிறாள். எழுத்து அழகாக இருக்கும் என்று அப்பா என்னை எழுதச் சொன்னார். நான்கு சான்றிதழ், நான்கு சீட்டு.

இனி என் தப்பு. எழுதி வைத்த பிறகுதான் யோசித்தேன். சிஐஎஸ்எஸ்பி வந்துவிட்டால்? அது முழுதாகக் கிடைக்க ஐந்து வருஷ வேலை அனுபவம் வேண்டும்; அந்த வேலையே இல்லாதவன் அந்த ஐந்து வருஷமும் பெயிண்டு டின்தானே தூக்குவான்? அம்மா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன நேரம், நான்கு சீட்டையும் எடுத்துவிட்டு, நான்கிலும் சிசிஎன்ஏ என்று எழுதிப் போட்டேன். மாமா, நான் வாழ்க்கையில் செய்த முதல் மோசடி இது. அம்மனிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், எது வந்தாலும் சரியான சீட்டுதான் வரப்போகிறது என்றும் சொன்னேன்.

காலையில் அப்பா கற்பூரம் காட்டினார். சோயா கையை விட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் சிசிஎன்ஏ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சீட்டில் இருந்தது: "பேங்க் பரீட்சை." சாமி என் மோசடியைக் கண்டுபிடித்து வேறு சீட்டே எழுதிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். மளிகைச் சாமான் பட்டியல் எழுதும் அதே எழுத்து. அப்பா, "பேங்க்கா? அது லிஸ்ட்லயே இல்லியே!" என்றார். அம்மா அவசரமாக விளக்குத் திரியைச் சரிசெய்தாள். சோயா, "இன்னொண்ணு எடுக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தும்விட்டாள். அது செக்யூரிட்டி பிளஸ். ஆனால் கையெழுத்தே இல்லை, அச்சடித்து, கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சாமி எப்பம்மா பிரிண்டர் வாங்குச்சு?" என்றார். அண்ணன் இருமினான்.

அப்பா சொம்பைத் தரையில் கவிழ்த்தார். பத்துச் சீட்டு, மாமா. என்னுடையது நான்கு, அம்மாவுடையது மூன்று, அச்சடித்தது இரண்டு. அம்மா உடனே, "நான் எதையும் எடுக்கலைங்க, சேத்துதான் போட்டேன்" என்றாள். அண்ணன், "நானும் சேத்துதான் போட்டேன்" என்றான். எடுத்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "சாமி சொம்புல கை வெக்கிற குடும்பமா இது?" என்று அப்பா கத்தினார். அம்மா குனிந்து பத்தாவது சீட்டை எடுத்தாள். காலண்டர் தாளைக் கிழித்து, பெயிண்டு டின்னில் விலை போடும் சிவப்புப் பென்சிலால் எழுதியது: "கடை." அம்மா அதைப் பூப்போலப் பிடித்துக்கொண்டு, "இது யாருதுங்க?" என்றாள். அப்பாவின் கத்தல் அந்த இடத்திலேயே நின்றது. அந்த நேரம் பார்த்துப் பேத்தியைக் கூட்டிப்போக வந்த சௌகத் அலி தாத்தா வாசலில் நின்று, "இன்னா ஜெயவேலு, எதுனா குலுக்கல் பரிசா?" என்று கேட்டார்.

அண்ணன்தான் முதலில் பேசினான். "ஒரு சொம்பு. வெளியிலேர்ந்து எவனும் வரலை. வூட்டு ஆளுங்க நாலு பேரும் கை வெச்சிருக்கோம், ஒருத்தருக்கொருத்தர் தெரியலை. நான் படிக்கணும்னு சொல்றது இதைத்தான்ப்பா." அப்பா பத்துச் சீட்டையும் பொறுக்கிச் சொம்பில் போட்டார். பிறகு, "அந்த எட்டுப் பக்கத்தை இன்னொரு தபா படி" என்று என்னிடம் சொன்னார். இந்த முறை நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "இனிமே சொம்பு வேணாம். என்னையே என்னால நம்ப முடியலை. சத்யா இன்னா சொல்றானோ அதான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எனவே மாமா, அண்ணன் திங்கட்கிழமை எங்கே போவான் என்பது இப்போது உங்கள் வாயில் இருக்கிறது. நாளை நீங்கள் போன் செய்து, நீங்களாகவே யோசித்ததுபோல, "முதலில் சிசிஎன்ஏ, அது முடிந்து செக்யூரிட்டி பிளஸ்" என்று சொல்ல வேண்டும். பேங்க் என்ற சொல்லை எடுக்கவே கூடாது. சிஐஎஸ்எஸ்பி பற்றி அப்பா கேட்டால், நல்ல படிப்புதான், கொஞ்ச வருஷம் போகட்டும் என்று சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு வேண்டும். அம்மனின் மன்னிப்பு இன்னும் உறுதியாகத் தெரியாத நிலையில் உங்கள் ஆசியைத்தான் நம்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
ஜெ. தமிழினி, ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: மேலே நான் கேட்ட எதையும் செய்ய வேண்டாம். ஜாகிர் அண்ணனிடம் கொடு என்று கடிதத்தை அண்ணனிடம் நீட்டினேன். அவன் பிரித்துப் படித்துவிட்டு, "லூசு, சிசிஎன்ஏ நான் போன மாசமே எழுதி பாஸ் பண்ணிட்டேன்" என்றான். நான் இஸ்திரி போட்ட துணிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜாகிர் அண்ணன் கடையில் கேமரா மாட்டிச் சேர்த்த காசில், வண்டலூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் எழுதியிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்றேன். "ஃபெயிலாயிருந்தா கடை. பாஸானா, சாமியைக் கேக்காம ஏன் எழுதினேன்னு அப்பா கேப்பாரு. மாமாகிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல அம்மாவுக்கு வந்துடும்." ஆக, ஏற்கெனவே தேறிவிட்ட ஒரு பரீட்சைக்காக நான் அம்மனை ஏமாற்றியிருக்கிறேன். "இப்பவே போய்ச் சொல்லு" என்று அவனைத் தள்ளிவிட்டேன். இப்போது ஹாலில் நிற்கிறான், நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சொல்லிவிட்டான். அப்பா அம்மாவிடம், "சாமுண்டி, கண்ணாடி எடு" என்கிறார். போனில் வந்த சான்றிதழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். "இது உன் பேருதானா?" "ஆமாம்ப்பா." "இனிஷியல் சரியா போட்டுக்கிறானா?" "போட்டிருக்கான்ப்பா." அம்மா மூக்கை உறிஞ்சுகிறாள். அப்பா மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறார். "சரி, போய்ப் படு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்." இதோ, அவரே எழுந்து ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருகிறார். என் அறை விளக்கும் அணைந்துவிட்டது.